போத்தலுக்குள்ள இருக்கிற புரோட்டீன் வேருக்குப் போகுமோ? (வாசகர் கேள்வி-பதில்)

இந்தமுறை வந்த கேள்வியள்ல பாதிக்கு மேல தலைமயிர் தான். மாரி முடிஞ்சு தை மாசி வந்தா உப்பிடித்தான், மழைக்குள்ள டெங்கு, காய்ச்சல் எண்டு படுத்து எழும்பின ஆக்களுக்கு எல்லாம் ஒரே நேரத்தில கொட்டத் தொடங்கும், அதைப் பாத்துக்கொண்டு இருந்தமாதிரி கடையளிலயும் 'புரோட்டீன்' எண்டு பெருசா எழுதின போத்தலுகள் வந்து அடுக்குப்படும். நான் டொக்டர் இல்லை, முதல்லயே சொல்லிப்போடுறன். ரவுணில ஒரு பாமசி கவுண்டருக்குப் பின்னால 12 வருசம் நிண்டவன், அவ்வளவுதான். அந்த 12 வருசத்தில வித்த எல்லாச் சாமானையும் நம்பித்தான் வித்தனான் எண்டு நல்லூர் வாசல்ல நிண்டு சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டன்.

கேள்வி (கொக்குவில்ல இருந்து ஒரு தங்கச்சி): பேஸ்புக் லைவ்ல பாத்து ஒரு ஹெயார் சீரம் வேண்டினனான் அண்ணை, 7,800 ரூபா. 'கெரட்டின் பெப்டைட், குரோத் ஃபக்டர் எல்லாம் இருக்கு, வேர் வரைக்கும் போய் புது முடி முளைக்க வைக்கும்' எண்டு சொன்னவை. ரெண்டு மாசமாப் பூசுறன், முடி நல்ல பளபளப்பு, ஆனா ஒண்டும் முளைச்ச மாதிரித் தெரியேல்லை. இன்னொரு போத்தல் வேண்டவோ?

பதில்: வேண்ட வேண்டாம் தங்கச்சி.

பளபளப்பு உண்மைதான், அதில பொய் இல்லை. எங்கட தலைமயிர்ல தண்ணியை விட்டுப் பாத்தா மிச்சம் கிட்டத்தட்ட முழுக்க கெரட்டின் எண்ட புரதம் தான், நகமும் அதுதான், மாட்டுக் கொம்பும் அதுதான். ஆனா வெளியில தெரியிற மயிர் செத்த சாமான், அதாலதான் வெட்டேக்க நோகிறேல்லை. உயிரோட வேலை செய்யிற பகுதி தோலுக்குக் கீழ சில மில்லிமீற்றர் ஆழத்தில, வேர்க்குழிக்குள்ள கிடக்கு. உங்கட சீரத்தில இருக்கிற கெரட்டின் பெப்டைட் எண்ட புரதத் துண்டுகள் வெளி மயிர்ல போய் ஒட்டும், வெடிச்சுக் கிடக்கிற இடத்தை மூடும், அதால வழுவழுப்பா இருக்கும், பிறகு சில தரம் முழுக அதுகள் கழுவுண்டு போயிடும். சுவருக்குப் பெயின்ற் அடிச்ச மாதிரி. அத்திவாரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

ஏன் உள்ளுக்குப் போகாது எண்டா, தோல் எண்டது அப்பிடி லேசில விடுற ஆள் இல்லை. மூலக்கூறின்ர எடையை டால்டன் எண்டு அளப்பினம், 500 டால்டனுக்கு மேல போனா தோலைத் தாண்டுறது கஷ்டம் எண்டுறது மருந்து செய்யிறவை வைச்சிருக்கிற ஒரு பொதுக் கணக்கு. வழுக்கைக்குத் தலையில பூசுற மினொக்சிடில் எண்ட மருந்து 209 தான், அதால அது இறங்கும். கெரட்டின் 40,000 தொடங்கி மேல போகும். அதை உடைச்சுச் சின்னனாக்கித்தான் போத்தல்ல விடுகினம், அப்பிடி உடைச்சாலும் கனக்க துண்டுகள் ஆயிரக் கணக்கிலதான் நிக்கும். இன்னும் லேசாச் சொல்லுறன். இன்சுலினும் ஒரு புரதம், எடை 5,800 அளவு, புரதங்களுக்குள்ள அது சின்னப்பிள்ளை. அதுவே தோலால போகுமெண்டா எங்கட ஊர் சீனி வருத்தக்காரர் ஏன் நாள் நாளா வயித்தில ஊசி குத்துகினம், கையில ஒரு கிறீமைத் தேய்ச்சுப்போட்டு இருந்திருப்பினம் எல்லோ.

இதில பகிடி என்னெண்டா, 'குரோத் ஃபக்டர்' எண்டுறது பொய்ச் சாமான் இல்லை. வேர்க்குழிக்குள்ள கலங்கள் ஒண்டோட ஒண்டு கதைக்கிறதே புரதங்களாலதான். விண்ட் எண்டு ஒரு கூட்டம், அது 'எழும்பு, வளர்' எண்டும். பிஎம்பி எண்டு இன்னொண்டு, அது 'பேசாமக் கிட' எண்டும். எஃப்ஜிஎஃப்5 எண்டது 'வளந்தது காணும், நிப்பாட்டு' எண்டு சொல்லுற புரதம், அதைச் செய்யிற மரபணு பழுதானதாலதான் கன பூனை, நாயளுக்கு அந்த நீள மயிர் வாறது. 1998ல எலியில பீற்றா-கற்றெனின் எண்ட இன்னொரு புரதத்தை நிக்காம வேலை செய்ய விட்டுப் பாத்தவை, புதுசா வேர்க்குழியே முளைச்சது, கூடவே மயிர்க்கட்டியளும் வந்தது. இதெல்லாம் மரபணுவில கை வைச்சு ஆய்வுகூடத்துக்குள்ள நடந்தது. உங்கட போத்தல் அந்த ஆராய்ச்சியின்ர பேரை மட்டும் கடன் எடுத்து லேபல்ல ஒட்டியிருக்கு.

இப்ப காசு விசயம். போத்தலைத் திருப்பிப் பாருங்கோ. சேர்மானங்கள் கூட இருக்கிறது முதல்ல, குறைய இருக்கிறது கடைசியில எண்ட ஒழுங்கிலதான் எழுதுவினம். தண்ணி, கிளிசரின், சிலிக்கோன் எல்லாம் முன்னுக்கு நிண்டு, பெப்டைட் வாசனைக்கும் கெடாமல் இருக்கப் போடுற சாமானுக்கும் கிட்டவா கடைசியில நிண்டா, நீங்கள் 7,800 குடுத்தது பளபளப்புக்குத்தான். இறக்குமதி செய்தவரின்ர பேர், விலாசம், அதிகூடிய சில்லறை விலை, முடிவுத் திகதி இருக்கோ பாருங்கோ. இல்லாட்டி, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடியுங்கோ. 2003ம் ஆண்டின் 9ம் இலக்கச் சட்டத்தில, ஆக்களைப் பிழையா நம்பவைச்சு விக்கிறது குற்றம். ஆனா முறைப்பாட்டை வேண்டின நாள்ல இருந்து மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில குடுக்கவேணும், உங்களுக்கு ரெண்டு மாசம் போட்டுது, இனி யோசிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ. லைவ் வீடியோ அழிஞ்சு போக முந்தி ஸ்கிரீன் ரெக்கோட் பண்ணுங்கோ, சற், காசு போட்ட சிலிப், பார்சல் ஒட்டின கடதாசி எல்லாம் வையுங்கோ. 'முளைக்க வைக்கும்' எண்டு அவை சொன்ன அந்த இடம் தான் முக்கியம்.

கேள்வி (உரும்பிராய்): முட்டை வெள்ளைக்கரு தலைக்குப் பூசினா புரோட்டீன் போகும் எண்டு அம்மம்மா சொல்லுறா, உண்மையோ?

பதில்: மேல சொன்ன அதே கதை தான், முட்டைப் புரதம் பெருசு, மயிருக்கு மேல ஒரு படையா இருந்திட்டுக் கழுவுண்டு போகும். காசு போகாத விசயம் எண்டபடியா நான் மறிக்க மாட்டன், ஆனா சுடுதண்ணியில மட்டும் கழுவிப்போடாதேங்கோ, தலையில முட்டை அவிஞ்சு போய் அதை எடுக்கிறது பெரிய ஆய்க்கினை (என்ர மனிசிக்கு நடந்தது, ரெண்டு மணித்தியாலம் கிணத்தடியில நிண்டவ). பச்சை வெள்ளைக்கருவைக் குடிக்கிற ஆக்களும் இருக்கினம், அது இன்னும் பிழை. அதில அவிடின் எண்டு ஒரு புரதம் இருக்கு, அது பயோட்டின் எண்ட விற்றமினைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு உடம்புக்கு விடாது. நாள் நாளா கனக்கக் குடிச்சா பயோட்டின் குறைஞ்சு முடியே கொட்டும். அவிச்சா அவிடின் செத்துப்போகும். அதால அவிச்சுச் சாப்பிடுங்கோ, அம்மம்மாவுக்கும் ஒண்டு குடுங்கோ.

கேள்வி (சுன்னாகத்தில இருந்து ஒரு அம்மா): மகள் ஏ.எல் படிக்கிறா. கார்த்திகையில டெங்கு வந்து ஆஸ்பத்திரியில நிண்டவ. மாசி தொடங்கினதில இருந்து தலை இழுக்கேக்க சீப்பு நிறைய வருது, பிள்ளை அழுறா. பாமசியில 10,000 மைக்ரோகிராம் பயோட்டினும் ஒரு புரோட்டீன் பவுடர் ரின்னும் தந்தவை, ரெண்டும் சேத்து 13,000 கிட்ட. இன்னும் உடைக்கேல்லை. குடுக்கவோ?

பதில்: உடைக்காம வைச்சது நல்ல காரியம் அம்மா.

கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையில எவ்வளவு எண்டு எண்ணிப் பாருங்கோ. மூண்டு மாசம். தலையில ஒரு லெச்சம் மயிர் கிட்ட இருக்கெண்டு வைச்சா, அதில 85, 90 வீதம் எப்பவும் வளந்துகொண்டு நிக்கும், மிச்சம் ஓய்வில இருக்கும். ஓய்வுக்குப் போன மயிர் ஒரு மூண்டு மாசம் அப்பிடியே நிண்டு பிறகுதான் விழும், சாதாரண ஆளுக்கே நாளைக்கு 50இல இருந்து 100 வரைக்கும் விழும். கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, ஒப்பரேசன், பட்டினி கிடந்து மெலியிறது, இதுகள் வந்தா உடம்பு 'இப்ப மயிர் வளக்கிற நேரமில்லை' எண்டு கனக்க மயிரை ஒரேயடியா ஓய்வுக்கு அனுப்பிப்போடும். அண்டைக்கு ஒண்டும் தெரியாது. ரெண்டு மூண்டு மாசம் கழிச்சு எல்லாம் ஒண்டாக் கொட்டேக்கதான் தெரியும், ஆக்கள் டெங்குவை மறந்துபோய் அந்தக் கிழமை மாத்தின ஷாம்புவைத் திட்டுவினம். வேர் சாகேல்லை. பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள தானா நிண்டு திரும்ப முளைக்கும். இதாலதான் இந்தக் கொட்டலுக்கு எதைக் குடுத்தாலும் வேலை செய்த மாதிரி இருக்கும், காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. நான் கவுண்டர்ல நிக்கேக்க, 'நீங்கள் தந்த குளிசையால நிண்டிட்டுது தம்பி' எண்டு எனக்குக் கதலிவாழைப்பழம் கொண்டுவந்து தந்த ஆக்கள் இருக்கினம், நானும் வாங்கிச் சாப்பிட்டனான்.

அதுக்காக சாப்பாட்டுப் புரதம் தேவையில்லை எண்டு நினைக்க வேண்டாம். மாசத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் எண்டு ஒரு லெச்சம் இழை வளருது, அதுக்குச் சாமான் சாப்பாட்டால தான் வரவேணும், மாப்பொருள் மட்டும் திண்டு புரதமே இல்லாமக் கிடந்த பிள்ளையளுக்கு மயிர் செம்பட்டையா மெலிஞ்சு போறதை உலகம் முழுக்கப் பஞ்ச காலங்கள்ல பாத்திருக்கினம். வளந்த ஆளுக்குக் கணக்கு, நிறையில கிலோவுக்கு 0.8 கிராம். மகள் 48 கிலோ எண்டா நாளைக்கு 38 கிராம் அளவு, வருத்தத்தால எழும்பின பிள்ளைக்கு கொஞ்சம் கூடக் குடுக்கலாம். முட்டை ஒண்டில 6, ஒரு கோப்பை பால்ல 8, ஒரு பிடி கச்சான்ல 7, உள்ளங்கை அளவு மீன் துண்டில 20, சோயாமீற் காய்ஞ்ச நிறையில பாதி புரதம். இப்ப எங்கட ஏ.எல் பிள்ளையளின்ர சாப்பாட்டைப் பாருங்கோ, விடிய தேத்தண்ணியும் பிஸ்கற்றும், ரியூசனுக்கு இடையில ஒரு றோல்ஸ், மத்தியானம் நேரமில்லை, பின்னேரம் நூடில்ஸ், இரவு இடியப்பமும் சொதியும். எல்லாம் மா. புட்டும் சம்பலும் எனக்கும் உயிர்தான், ஆனா சம்பல்ல புரதம் தேடினா கிடைக்காது. உளுத்தம்மாப் புட்டு அவியுங்கோ, கடலை அவிச்சுத் தாளிச்சு டப்பாவில போட்டு விடுங்கோ, நெத்தலி, முருங்கையிலை, பருப்பு. பிள்ளை பெத்தவைக்கு முந்திக் குடுத்த பத்தியக் கறி இதுதானே, அதை ஏன் பிள்ளை பெத்தாத்தான் குடுக்கவேணும். இதெல்லாம் சாப்பிட்டா அந்த ரின் தேவையில்லை. தேவைக்கு மேல புரதம் போனா அது மயிராகாது, உடம்பு எரிச்சுப்போடும் இல்லாட்டி கொழுப்பாக்கும்.

பயோட்டினை விடுங்கோ. அது புரோட்டீனே இல்லை, விற்றமின். நாளைக்கு 30 மைக்ரோகிராம் காணும், உங்களுக்குத் தந்தது அதின்ர 300 மடங்குக்கு மேல. அதோட கூடக் குடிச்சா ரத்த ரெஸ்ட் பிழையா வரலாம், தைரொயிட் ரெஸ்ட்டும் மாரடைப்புக்குப் பாக்கிற ட்ரோப்போனினும் குழம்பும் எண்டு அமெரிக்காவின்ர மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ 2017ல எச்சரிக்கை விட்டது. ரெண்டையும் பில்லோட கொண்டுபோய், உடைக்கேல்லை, மாத்தித் தாங்கோ எண்டு கேளுங்கோ. தன்மையாக் கேட்டா கன கடையில மாத்துவினம்.

அந்தக் காசில செய்யவேண்டியது ஒண்டு இருக்கு. டொக்டரிட்டக் காட்டி ஃபெரிட்டின் பாக்கச் சொல்லுங்கோ. இதுவும் ஒரு புரதம் தான், உடம்பில இரும்புச்சத்தைச் சேமிச்சு வைக்கிற பெட்டகம் மாதிரி. ஹீமோகுளோபின் சரியா இருந்தும் இந்தப் பெட்டகம் காலியாக் கிடக்கலாம், மாதவிடாய் கூடப் போற பிள்ளையளுக்கு இது கனக்க. காய்ச்சலுக்குள்ள பாத்தா ஃபெரிட்டின் பொய்யாக் கூடிக் காட்டும், இப்ப காய்ச்சல் போய் மூண்டு மாசம் எண்டபடியா பாக்கலாம். அதோட தைரொயிட்டும். சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிக்கிறதை நிப்பாட்டுங்கோ, இரும்பை உடம்பில ஏற விடாது, ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிக்கட்டும், தேசிக்காய்த் தண்ணியெண்டா சாப்பாட்டோடயே குடுக்கலாம்.

கேள்வி: ஆவணியில எனக்குக் கலியாணம். பார்லர்ல கெரட்டின் ட்ரீட்மென்ட் 22,000 எண்டு சொல்லுகினம், 'முடிக்குப் புரோட்டீன் ஏத்துறது, கொட்டுறதும் நிக்கும்' எண்டு. செய்யலாமோ?

பதில்: கொட்டுறது நிக்காது, அதை முதல்ல மறந்திடுங்கோ. சுருள் குறைஞ்சு மூண்டு நாலு மாசம் வழுவழுப்பா நிக்கும், அது உண்மை. ஆனா நிமித்திறது கெரட்டின் இல்லை. கனக்க போத்தலுகள்ல வேலை செய்யிறது ஃபோமல்டிஹைட், மயிரை நிமித்தி வைச்சு புரதங்களுக்கு இடையில பாலம் போட்டு இறுக்கிப்போடும், கெரட்டின் பேருக்குக் கொஞ்சம். புற்றுநோய் வரவைக்கும் எண்டு உறுதியான சாமான் அது. 'ஃபோமல்டிஹைட் ஃப்ரீ' எண்டு எழுதின போத்தல்லயும் மெதிலீன் கிளைக்கோல் எண்டு வேற பேர்ல நிக்கும், சூட்டு அயனை வைக்க ஆவியா வாறது அதே சாமான் தான். கண் எரிஞ்சு தொண்டை கரகரத்தா விளங்கிக்கொள்ளுங்கோ.

இப்ப அதுக்குப் பதிலா கிளையொக்சிலிக் அசிட் போட்ட சாமான் கனக்க வந்திருக்கு. 2024ல ஒரு மருத்துவ இதழ்ல வந்த கேஸ், 26 வயசுப் பிள்ளை மூண்டு வருசத்தில மூண்டு முறை ஸ்ட்ரெயிட் பண்ணினவ, மூண்டு முறையும் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக்குப் போனவ. எல்லாருக்கும் அப்பிடி வரும் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா போத்தலைக் காட்டுங்கோ எண்டு கேக்கிறது உங்கட உரிமை. 'அது நாங்கள் மிக்ஸ் பண்ணினது' எண்டு சொன்னா எழும்பி வந்திடுங்கோ. காட்டினா மேல சொன்ன மூண்டு சாமானின்ர பேரையும் லேபல்ல தேடுங்கோ. கர்ப்பமா இருக்கிற ஆக்கள் கிட்டயும் போகவேண்டாம். பார்லர்ல வேலை செய்யிற அந்தப் பிள்ளையள் கதவைப் பூட்டி ஏசியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அதைச் சுவாசிக்கினம், அதை நினைக்க எனக்கு இன்னும் ஒரு மாதிரி.

கலியாணத்துக்கு ஒரு நாள் வடிவுதான் வேணும் எண்டா அண்டைக்கு விடிய அயன் பிடிச்சாப் போதும், 22,000 மிச்சம். அந்தக் காசுக்கு என்ன செய்யிறதெண்டு நான் சொல்லத் தேவையில்லை, கலியாண வீடு தானா விழுங்கும்.

கேள்வி (கோண்டாவில்): எங்கட கிணத்துத் தண்ணி சரியான கல்லுத்தண்ணி, கேத்தில் எல்லாம் வெள்ளையாப் படியுது. அதாலதான் முடி கொட்டுது எண்டு சொல்லி ஷவர் ஃபில்டர் ஒண்டு விக்க வந்தவை, வேண்டவோ?

பதில்: யாழ்ப்பாணமே சுண்ணாம்புக் கல்லுக்கு மேல கிடக்கு, தண்ணியில கல்சியம் இல்லாம இருக்குமோ. சவுக்காரம் போட்டா அந்தக் கல்சியத்தோட சேந்து ஒரு பிசுக்குப் படையும், மயிர் சொரசொரப்பாகி உடையும். உடையிறது வேற, கொட்டுறது வேற. சீப்பில வந்த மயிரை எடுத்து வெளிச்சத்தில பிடியுங்கோ, ஒரு நுனியில சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தா வேரோட விழுந்தது, அதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தம் இல்லை. குமிழ் இல்லாட்டி உடைஞ்சது. உடைஞ்சதெண்டா தலைக்குச் சவுக்காரத்தை விட்டு ஷாம்பு போடுங்கோ, மழைத்தண்ணி பிடிச்சு வைச்சா கடைசியா அதில ஒருக்கா அலசுங்கோ. முழுக முந்தி தேங்காயெண்ணெய் வையுங்கோ. இது ஊர்ப் பழக்கம் எண்டு தள்ளிவிட வேண்டாம், 2003ல வந்த ஒரு ஆய்வில தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஒயில் மூண்டையும் வைச்சுப் பாத்ததில மயிர்ல இருந்து புரதம் கழுவுண்டு போறதைக் குறைச்சது தேங்காயெண்ணெய் மட்டும் தான், அதில இருக்கிற லோரிக் அமிலம் மயிருக்குள்ள இறங்கும். ஃபில்டர் விக்கிறவரிட்ட, பொருத்தின பிறகும் கேத்தில்ல வெள்ளை படிஞ்சா காசு திருப்பித் தருவியளோ எண்டு கேட்டுப் பாருங்கோ. கன பேர் விக்கிறது குளோரின் எடுக்கிற ஃபில்டர், உங்கட கிணத்தில குளோரினே இல்லை.

கேள்வி (ஒரு தம்பி, 24 வயசு): ஜிம்முக்குப் போறன், வே புரோட்டீன் (பால்ல இருந்து எடுக்கிற புரதப் பவுடர்) குடிக்கத் தொடங்கி ஒரு வருசம். நெத்தி ரெண்டு பக்கமும் ஏறுது. பவுடரால தானோ? கனடாவில இருக்கிற மச்சான் மினொக்சிடில் ஆறு போத்தல் அனுப்பியிருக்கிறான், பூசவோ?

பதில்: பவுடரால எண்டதுக்கு நல்ல ஆதாரம் இல்லை தம்பி. நெத்தி ரெண்டு பக்கமும் ஏறுறது பரம்பரை வழுக்கையின்ர தொடக்கம். அப்பாவின்ர தலையை மட்டும் பாக்காதேங்கோ, அம்மாவின்ர பக்கத்து மாமாமாரையும் பாருங்கோ. உடம்பில 5-அல்ஃபா ரிடக்டேஸ் எண்டு ஒரு நொதியம் இருக்கு, அதுவும் புரதம் தான், அது டெஸ்டொஸ்டெரோனை டிஎச்ரி எண்ட இன்னொரு ஓமோனா மாத்தும். அந்த டிஎச்ரி வேர்க்குழியில போய்க் குந்தினா மயிர் ஒவ்வொரு சுற்றிலயும் மெலிஞ்சு கட்டையாகி, கடைசியில பூனை மயிர் மாதிரிப் போகும். உங்களுக்குப் பிரச்சினை புரதம் குறைஞ்சதில்லை, ஒரு புரதம் ஓவரா வேலை செய்யிறது. ஃபினாஸ்டரைட் எண்ட குளிசை அந்த நொதியத்தைத் தான் மறிக்கிறது, 1 மில்லிகிராம், 1997ல அமெரிக்காவில வழுக்கைக்கு அனுமதி கிடைச்சது. அதை டொக்டர் சொல்லாமப் போடவேண்டாம், ஆண்மை சம்பந்தமாயும் மனநிலையிலயும் சில பேருக்குக் கரைச்சல் வரும், பிள்ளைத்தாச்சி உடைஞ்ச குளிசையைத் தொடவும் கூடாது, போடுற காலத்தில ரத்தமும் குடுக்கேலாது.

ஆனா பவுடரை முழுக்க விடுதலை பண்ணவும் மாட்டன். லேபல் ஒழுங்கா இல்லாத, உதிரியாப் பொதி பண்ணி விக்கிற பவுடருக்குள்ள ஓமோன் கலந்து விக்கிற சுத்துமாத்து உலகம் முழுக்க இருக்கு, அப்பிடிப் பட்டதெண்டா வழுக்கையை ஓட வைக்கும். ஒரு கரண்டி பவுடர்ல இருக்கிறது நாலு முட்டைக்குக் கிட்டத்தான், கணக்குப் பண்ணிப் பாருங்கோ.

மினொக்சிடில். முந்தி பிறஷர் குளிசை, குடிச்ச ஆக்களுக்கு மேலெல்லாம் மயிர் முளைச்சதைக் கண்டுதான் தலைக்குப் பூசுற மருந்தாக்கினவை, 1988ல அனுமதி. வேலை செய்யும், ஆனா மூண்டு விசயம் தெரிஞ்சுகொண்டு தொடங்குங்கோ. முதல் சில கிழமையில இன்னும் கூடக் கொட்டும், பழைய மயிரைப் புதுசு தள்ளுறது அது, அதில பயந்து கன பேர் விட்டிடுவினம். பலன் தெரிய நாலு மாசமாவது வேணும். விட்டா, முளைச்சது சில மாசத்தில திரும்பப் போயிடும். அப்ப ஆறு போத்தல், நாளைக்கு ரெண்டு தரம் பூசினா ஆறு மாசம், ஏழாவது மாசம் மச்சானுக்கும் உங்களுக்கும் கோவம் எண்டா என்ன செய்யிறது? தொடங்க முந்தி இஞ்ச பாமசியில தொடர்ந்து வருதோ, மாசம் எவ்வளவு எண்டு கேட்டுக்கொண்டு தொடங்குங்கோ. பெட்டியில முடிவுத் திகதியையும் சீலையும் பாருங்கோ. வீட்டில பூனை இருந்தா கவனம், பூனைக்கு அது நஞ்சு, தலகாணியில பட்டதை நக்கினாலே காணும்.

கேள்வி (மானிப்பாயில இருந்து ஒரு அக்கா): தம்பிக்கு தலையில ரெண்டு இடத்தில புழுவெட்டு, ரெண்டு ரூபாக் குத்தி அளவு. ஒரு தனியார் இடத்தில பிஆர்பி எண்டு அவன்ர ரத்தத்தையே எடுத்து ஊசி போடுவினமாம், ஆறு தரம், முழுக்காசும் முதல்ல கட்டினா குறைச்சுத் தருவினமாம். கட்டவோ?

பதில்: கட்ட வேண்டாம் அக்கா. முதல்ல தோல் டொக்டர், யாழ் போதனா வைத்தியசாலையில தோல் கிளினிக் இருக்கு, காசு இல்லை, வரிசை மட்டும் தான். புழுவெட்டில புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை, உடம்பின்ர காவல் படையே வேர்க்குழியை எதிரி எண்டு நினைச்சு அடிக்கிறது. குத்தி அளவில ஒண்டு ரெண்டு எண்டா கன பேருக்கு ஒரு வருசத்துக்குள்ள தானாவே முளைக்கும், கெதியா வேணுமெண்டா அந்த இடத்தில ஸ்டெரொயிட் ஊசி போடுவினம். தலை முழுக்கப் போன கடும் கேஸுக்கு பாரிசிற்றினிப் எண்டு ஒரு குளிசை 2022ல அமெரிக்காவில அனுமதியாச்சு, அந்த அடிதடிக்குச் சேதி கொண்டுபோற ஜாக் எண்ட புரதங்களை மறிக்கும், உங்கட தம்பிக்கு அவ்வளவு தூரம் போகத் தேவை வராது. உள்ளி, மிளகு அரைச்சுத் தேய்ச்சுப் புண்ணாக்கிப் போடாதேங்கோ.

பிஆர்பி எண்டது ரத்தத்தைச் சுத்தி, பிளேற்லெற் கூட இருக்கிற பகுதியை எடுத்துத் தலையில குத்துறது. அதுக்குள்ள குரோத் ஃபக்டர் இருக்கு, ஊசியால போறபடியா முதல் கேள்வியில சொன்ன தோல் பிரச்சினையும் இல்லை. ஆனா அது கூடச் செய்யிறது பரம்பரை வழுக்கைக்கு, அதிலயும் ஆளுக்கு ஆள் பலன் வேற வேற. டொக்டர் பாத்துப்போட்டு அதுதான் வேணும் எண்டு சொன்னா, ஊசி போடப்போறவர் இலங்கை மருத்துவச் சபையில பதிஞ்ச டொக்டரோ எண்டு இலக்கத்தைக் கேளுங்கோ, ரத்தம் எடுக்கிற குழாயை உங்களுக்கு முன்னால புதுசா உடைக்கச் சொல்லுங்கோ, ஒரு தரத்துக்கு எவ்வளவு எண்டு எழுதின பில் கேளுங்கோ. ஆறு தரத்துக்கும் முன்காசு எண்டா, மூண்டாவதோட தானா முளைச்சாலும் மிச்சம் மூண்டின்ர காசு அவையிட்டத்தான் நிக்கும். இண்டைக்கே அந்த ரெண்டு இடத்துக்கும் பக்கத்தில அதே ரெண்டு ரூபாக் குத்தியை வைச்சு ஃபோன்ல ஒரு படம் எடுங்கோ, ரெண்டு மாசம் கழிச்சு அதே குத்தியோட இன்னொண்டு எடுத்து டொக்டரிட்டக் காட்டுங்கோ.